ஃபேனை நிறுத்துங்கள், புது ஜோடி வருகிறது

எங்கள் எச் பிளாக்கில் மீன் வளர்க்காத வீடு கிடையாது. வண்ணமீன் கடைகள் கூப்பிடு தூரத்தில் வரிசை கட்டி நிற்கும் கொளத்தூரில் குடியிருந்துகொண்டு, ஊறுகாய் ஜாடியிலாவது ஒரு மீனை நீந்தவிடாதவன் மனுஷனே இல்லை என்பது எங்கள் கட்சி. ஆனால் அவையெல்லாம் குழாய்த்தண்ணீர் மீன்கள், ரெண்டு பொரி போட்டால் தின்றுவிட்டு அடுத்த பொரிக்கு வாய் திறக்கிற சாதுக்கள். மூன்றாம் மாடித் தணிகாசலம் ஒருவன்தான் கடலையே படியேற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தவன்.

அவன் ஏசி மெக்கானிக். ஊரார் வீட்டையெல்லாம் குளிரவைத்துவிட்டுத் தன் வீட்டில் ஃபேனுக்கடியில் காலம் தள்ளுகிறவன். அப்படிப்பட்டவன் ஒரு பழைய வாட்டர் கூலரைப் பிரித்து, அதன் குடலையும் ஈரலையும் மாற்றிப் பொருத்தி, தொட்டிக்கென்று குளிர்மெஷின் செய்தான். மூட்டை மூட்டையாகக் கடலுப்புப் பொடி வாங்கி அளந்து கரைத்தான். பாசியும் பூச்சியும் குடியிருக்கும் கடற்பாறைகளைக் கோயில் கட்டுவதுபோல் அடுக்கினான். மீனே இல்லாத அந்தத் தண்ணீரை மாதக்கணக்கில் ஓடவிட்டு, அதன் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஃபெலிசிட்டா காசிமேட்டுக்காரி, படகுக்காரர் மகள். மீனைப் பார்த்தால் குழம்பா வறுவலா என்பதைத் தவிர வேறு கேள்வி அவளுக்குத் தோன்றியதில்லை. "இன்னாயா, வெறுந்தண்ணிக்கு ஏசி போட்டுக்கினு கீற?" என்று அவள் கேட்காத நாளில்லை.

தண்ணீர் பழகிவிட்டது என்று அவனுக்கு நம்பிக்கை வந்தபோது, அவர்கள் ரிஜிஸ்டர் ஆபீஸில் மாலை மாற்றிய தேதியும் வந்தது. அன்று அவன் ஒரு ஜோடி வண்ணத்துப்பூச்சி மீன்களை வாங்கி வந்தான். எலுமிச்சை மஞ்சள், தட்டையான உடம்பு, நீட்டிய சின்ன மூக்கு. உண்மையான கண்ணைக் கறுப்புப் பட்டைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு, வாலோரம் பொய்க்கண்ணாக ஒரு கறுப்புப் பொட்டு; அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எதிரிக்குத் தெரியாது. "ஜோடியப் பிரிச்சா செத்துடும்ணா," என்று கடைக்காரர் எச்சரித்துத்தான் கொடுத்தார். "சேர்த்து வெச்சாலும் லேசுல சாப்டாது. பாதி பேர் வீட்ல பட்டினி கெடந்தே போய்ச் சேருது. யோசிச்சு எடுத்துக்கினு போ."

யோசித்தால் அவன் ஃபெலிசிட்டாவையே கட்டியிருக்க மாட்டானே. அவன் பக்கத்தில் புது ஜோடியை விருந்துக்கு அழைக்க வேண்டியவர்களெல்லாம் செத்துப்போயிருந்தார்கள். அவள் பக்கத்தில் உயிரோடு இருந்த ஒரே ஆள், அம்மா ஆக்னஸம்மாள், அழைக்கவில்லை. கல்யாணமாகி வந்த ஜோடியை முதலில் பெண்ணின் தாய்வீடு விருந்துக்கு அழைக்கும், அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் அழைப்பார்கள், அதுதான் முறை. தாய்வீடு அழைக்கும் என்று எச் பிளாக் மரியாதையாகக் காத்திருந்தது. காத்திருந்து காத்திருந்து, எதற்காகக் காத்திருந்தோம் என்பதே மறந்து, அந்த ஜோடியைப் படிக்கட்டில் பார்த்தால் சிரித்துவிட்டுப் போகிற பழக்கம் மட்டும் மிஞ்சியது. எங்களில் ஒரு வீட்டின் நிலைப்படியைக்கூட அவர்கள் தாண்டியதில்லை.

மீன்கள் வந்தன, சாப்பிடவில்லை. தணிகாசலம் இறாலைப் பொடியாக நறுக்கிப் போட்டான், மட்டியைப் பிளந்து ஓட்டோடு வைத்தான், பூண்டுச் சாற்றில் தீனியை ஊறவைத்துப் பார்த்தான். இரண்டும் பக்கத்தில் வந்து, மூக்கை நீட்டி, கல்யாண வீட்டில் குறை கண்டுபிடிக்க வந்த சம்பந்தி மாதிரி பார்த்துவிட்டு விலகிப் போயின. வயிறு ஒட்டிக்கொண்டே போனது. அதுவரை கேலி செய்துகொண்டிருந்த ஃபெலிசிட்டா ஒருநாள் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். "வந்த எடத்துல பட்டினி கெடக்குறத என்னால பார்க்க முடியலயா. எனக்கு வயிறு எரியுது," என்றாள். அதற்குப் பிறகு அவளுக்கும் சோறு இறங்கவில்லை.

விஷயம் இரண்டாம் மாடி கோமளவல்லிக்கு எட்டியது. எங்கள் பிளாக்கில் தண்ணீர் மோட்டார் சுவிட்சு அவள் கையில் இருக்கிறது. ஆகவே மற்ற எல்லாமும் அவள் கையில் இருக்கிறது. படியேறி வந்து, வாசலிலேயே நின்று, மீன்களை ஒரு பார்வை பார்த்தாள். "திருஷ்டி. இவ்ளோ அழகா ஜோடியா இருந்தா பார்க்குறவன் கண்ணு சும்மா இருக்குமா?" என்று சொல்லி, ஒரு கை கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் கொண்டுவந்து, முதல்முறையாக அந்த வீட்டுக்குள் கால்வைத்து, தொட்டியை வலமும் இடமுமாகச் சுற்றினாள். திருஷ்டி சுற்றிய உப்பைத் தண்ணீரில் கரைத்துவிட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். எதிரிலேயே தண்ணீர் இருந்தது, அதுவும் உப்புத்தண்ணீர். போட்டுவிட்டாள்.

"அய்யோ அக்கா!" என்று தணிகாசலம் முழங்கைவரை தொட்டிக்குள் கைவிட்டு மிளகாயைத் துழாவினான். மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக அளந்து வளர்த்த கடல் அது. "ஏன்டா கத்துற? கடல்ல யாரு அளந்தா போட்டான்?" என்றாள் கோமளவல்லி.

அந்த நேரத்தில்தான் கடல்காற்று ஏறியது. சித்திரை மாதத்தில் சென்னைக்குள் வருகிற பிற்பகல் காற்று பாதிக்குப் பாதி தண்ணீர், அந்தத் தண்ணீரில் பாதி உப்பு. சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும். அந்தக் காற்று ஜன்னல் வழியாக வந்து தொட்டித்தண்ணீரைத் தொட்டதும், மீன்கள் இரண்டும் மேலே வந்து, விளிம்பைத் தாண்டி, பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள்போல் ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றில் இறங்கி, துடுப்பை அசைத்துக்கொண்டு, கூடத்தைக் கடந்து, வாசலை நோக்கிப் போயின.

"ஃபேனை நிறுத்துடி!" என்றாள் கோமளவல்லி.

அவ்வளவுதான். ஐயையோ என்று யாரும் அலறவில்லை, கற்பூரம் கொளுத்தவில்லை. மிளகாய்க் காரம்தான் கிளப்பிவிட்டது என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள், காற்றின் ஈரம்தான் என்று சிலர் சொன்னார்கள். பசிக்கிற ஜீவன் எழுந்து போகத்தான் செய்யும், இதிலென்ன ஆராய்ச்சி? அன்றைய கவலை ஃபேன் ஒன்றுதான். மூன்றாம் மாடியில் நிறுத்தினார்கள், இரண்டாம் மாடியில் நிறுத்தினார்கள், மீன்கள் படிக்கட்டில் இறங்க இறங்க எச் பிளாக்கின் இறக்கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

மீன்கள் நேராகக் கோமளவல்லியின் வீட்டு வாசலுக்குப் போய், நிலைப்படிக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டன. உள்ளே போகவில்லை, திரும்பவும் இல்லை. பின்னாலேயே ஓடிவந்த தணிகாசலமும் ஃபெலிசிட்டாவும் அதே இடத்தில் நின்றார்கள். எதிர்வீட்டுத் துரைக்கண்ணு பனியனோடு எட்டிப்பார்த்தார். அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். விசில் இன்னும் கழுத்தில் தொங்கும். வாழ்நாளெல்லாம் ஏறுகிறவன் முகத்தையும் இறங்குகிறவன் முகத்தையும் பார்த்தவர் ஒரு நொடியில் சொல்லிவிட்டார். "இது நோவு இல்லம்மா, மாப்பிள்ளை முறுக்கு. புது ஜோடி. யாருனா ஒரு வாய் விருந்துக்குக் கூப்ட்டீங்களா? கூப்டாத வூட்ல எப்டிச் சாப்டும்?"

கோமளவல்லிக்கு முகம் மாறியது. "வாங்க... உள்ள வாங்க," என்றாள் மீன்களைப் பார்த்து. நிலைப்படி தாண்டி மீன்கள் உள்ளே போயின. அவள் இரண்டு பேருக்கு இலை போட்டு, வீட்டில் இருந்ததைக் கொண்டுவந்து வைத்தாள். சாம்பார் சாதத்தை மீன்கள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. இலையோரத்து ஜவ்வரிசிப் பாயசத்தைக் கண்டதும் பெண்மீன் மூக்கை நீட்டி, கண்ணாடிமணி மாதிரி இருந்த ஒரு ஜவ்வரிசியை மட்டும் கொத்தி எடுத்தது. அடுத்தது ஆண்மீன். பிறகு இரண்டும் நிறுத்தவில்லை.

ஃபெலிசிட்டா வாசலிலேயே நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் கோமளவல்லிக்கு உறைத்தது: மீன்களைக் கூப்பிட்டாகிவிட்டது, மீன்களின் வீட்டுக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். "அடி, ஒங்கம்மா வூட்டு விருந்து முடியட்டும்னு இருந்துட்டோம்டி. முந்திக்கினா தப்பா பூடுமேன்னு. நீயும் வா, தணிகாசலம் நீயும் வா, உள்ள வாங்க," என்றாள். அன்று அந்தக் கூடத்தில் நாலு இலை விழுந்தது. ஃபெலிசிட்டா கண்ணீரும் பாயசமுமாகச் சாப்பிட்டாள்.

ஒரு வீடு கூப்பிட்டால் மற்ற வீடு சும்மா இருக்குமா? மறுநாள் துரைக்கண்ணு வீடு, அடுத்து மாடி வீடு, அடுத்து மூலை வீடு என்று விருந்து பிளாக்கைச் சுற்றியது. மூன்றரை மணிவாக்கில் கடல்காற்று ஏறியதும் துரைக்கண்ணு படிக்கட்டில் நின்று நீளமாக ஒரு விசில் ஊதுவார். அத்தனை ஃபேனும் நிற்கும், கொசுவத்திகள் அணைக்கப்படும், எந்தப் பேச்சுவார்த்தைக்கும் கட்டுப்படாத பூனைகளை மீட்டர் அறையில் போட்டு அடைப்பார்கள். சித்திரை வெயிலில் நாங்கள் வியர்த்து வழிந்துகொண்டு, புதுச்சேலையும் வேட்டியுமாக வாசலில் நின்று "வாங்க வாங்க" என்போம். மீனுக்கு மீன்குழம்பு வைக்கலாமா கூடாதா என்று இரண்டு வீட்டுக்குச் சண்டை வந்து, வைக்கக்கூடாது, வைத்தாலும் மூடிவைக்க வேண்டும் என்று தீர்ப்பானது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மீன்களுக்கு அந்தப் பழமொழி தெரியவில்லை. மீனுக்குப் புடவை கட்டிவிட முடியாதென்பதால், பூவும் பழமும் ரவிக்கைத் துணியும் ஃபெலிசிட்டாவுக்கு வந்துசேர்ந்தன. வெறும் சிரிப்பாக இருந்தவர்கள் அவளுக்கு அக்காக்களும் அத்தைகளுமானார்கள். மீன்களுக்கு வயிறு திரண்டு, மஞ்சள் நிறம் வெயில் பட்ட வெண்கலமாக மின்னியது. அவளும் கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தாள்.

பிளாக்கின் கடைசி வீடும் முடிந்தது. அதற்கு அடுத்த நாள் மீன்கள் மறுபடியும் சாப்பாட்டை நிறுத்தின.

இரண்டாம் சுற்று அழைத்தோம், வரவில்லை. பாயசத்தில் முந்திரி போட்டோம், திரும்பிப் பார்க்கவில்லை. காற்று ஏறினால் மொட்டைமாடிக்குப் போய், கிழக்கே காற்று வருகிற திசையை, அதாவது கடலும் காசிமேடும் இருக்கிற திசையைப் பார்த்தபடி, காற்று இறங்கும்வரை நின்றுவிட்டு வெறும் வயிற்றோடு தொட்டிக்குத் திரும்பின. எங்களுக்குப் புரிந்தது. முறைப்படி முதலில் நடக்க வேண்டிய விருந்து இன்னும் நடக்கவில்லை.

"போய்ட்டு வாடி," என்றாள் கோமளவல்லி.

"கூப்டாத வூட்டுக்கு நான் போ மாட்டேன்கா. பெத்தவ வூடா இருந்தா இன்னா," என்றாள் ஃபெலிசிட்டா. சொல்லும்போது அவள் பார்வை மீன்களின் ஒட்டிய வயிற்றில் இருந்தது. "இதுங்க செத்தா நானும் இந்த வூட்ல இருக்க மாட்டேன். என்னால தாங்க முடியாது."

கோமளவல்லியும் துரைக்கண்ணுவும் காசிமேட்டுக்குத் தூது போனார்கள். ஆக்னஸம்மாள் வாசலில் அரிவாள்மனையை வைத்துக்கொண்டு சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எனக்கு ஒரு பொண்ணு இருந்தா. சொல்லாம போனா. சொல்லாம போனவளக் கூப்புடுறதுக்கு எனக்கு வாய் இல்ல," என்றாள். "வலைக் கூளத்தோட வர்ற பூச்சிமீனு. அதுக்கு ஒரு விருந்து, அதுக்கு ரெண்டு பெரிய மனுசங்க தூது!" அவர்கள் எழுந்து தெருமுனைவரை போன பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அது இன்னா துன்னுது?"

"ஜவ்வரிசிப் பாயசம்," என்று கத்தினாள் கோமளவல்லி.

"மூஞ்சியப் பாரு," என்றாள் ஆக்னஸம்மாள். மீனையா, அவர்களையா என்று தெரியவில்லை.

இனி மனுஷர்களை நம்பிப் பயனில்லை என்று மீன்களே முடிவுசெய்துவிட்டன. ஒரு வெள்ளிக்கிழமை, கடல்காற்று வழக்கத்தைவிட முரட்டுத்தனமாக ஏறியபோது, இரண்டும் மொட்டைமாடிச் சுவரைத் தாண்டி, காற்றுக்கு எதிராக முகத்தை வைத்து, கிழக்கே கிளம்பின. மீனுக்கு எதிர்நீச்சல் யாராவது சொல்லித்தர வேண்டுமா? தணிகாசலம் ஒரு வாளி உப்புத்தண்ணீரை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு பின்னால் போனான், வழியில் காற்று இறங்கிவிட்டால் பிடித்துப் போட வேண்டுமே. ஃபெலிசிட்டா பின்சீட்டில் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "மீனுக்காக வரேன். அந்தத் தெருவுக்குள்ள வர மாட்டேன்," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அதற்குப் பின்னால் ஷேர் ஆட்டோக்களில் எச் பிளாக் மொத்தமும் வந்தது. முதல் ஆட்டோவில் தொங்கியபடி துரைக்கண்ணு விசில் ஊதினார்.

பெரம்பூரில் ஒரு பரோட்டாக் கடையின் பெரிய மேஜைவிசிறி தெருவைப் பார்த்து இரைந்துகொண்டிருந்தது. "ஃபேனை நிறுத்துப்பா, புது ஜோடி வருது, அம்மா வூட்டுக்குப் போவுது!" என்று கோமளவல்லி கத்தினாள். கடைக்காரர் மேலே பார்த்தார், மாவுக்கையாலேயே சுவிட்சைத் தட்டினார், அடுத்த கடைக்கு அதையே கத்தினார். அதற்குப் பிறகு நாங்கள் கத்த வேண்டியிருக்கவில்லை. சொல் மீன்களைவிட வேகமாகப் போனது. தையல்கடை சொல்லி மருந்துக்கடை நிறுத்தியது, மருந்துக்கடை சொல்லி சலூன் நிறுத்தியது, அரைமுகம் சவரம் செய்த ஆள் சோப்பு நுரையோடு தெருவுக்கு வந்து வேடிக்கை பார்த்தார், வியாசர்பாடியில் பள்ளிவாசலும் மாதாகோயிலும் அம்மன்கோயிலும் ஓசையின்றி வியர்த்தன, கல்யாண மண்டபத்தில் பட்டுச்சேலைக்காரிகள் முந்தானையால் விசிறிக்கொள்ளப் போய், வேண்டாம் என்று கையை இறக்கிக்கொண்டார்கள். பேசின் பிரிட்ஜ் மேல் லாரிகள் ஹாரன் அடிக்காமல் நின்றன. சித்திரை வெயிலில், ஒரு இறக்கைகூடச் சுற்றாத வடசென்னைக்கு மேலே, உள்ளங்கை அகல மஞ்சள் மீன்கள் இரண்டும் தோளோடு தோளாக நீந்திப் போயின. எனக்குத் தெரிந்து எந்த மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

காசிமேட்டில் ஆக்னஸம்மாளின் சந்துக்குள் மீன்கள் திரும்பியபோது, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பெண்கள் மடியில் ஒரு பூனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். செய்தி எப்போதோ வந்துவிட்டிருந்தது. ஆக்னஸம்மாள் மட்டும் ஒன்றும் தெரியாதவள்போல் தன் வாசலில் அரிவாள்மனையோடு உட்கார்ந்து, ஏற்கெனவே ஆய்ந்த மீனை மறுபடியும் ஆய்ந்துகொண்டிருந்தாள். மீன்கள் அவளுக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றன. தணிகாசலம் சந்து முனையில் ஸ்கூட்டரை நிறுத்தினான். ஃபெலிசிட்டா வாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். ஒரு அடிகூட முன்னால் வைக்கவில்லை.

காற்று இறங்க ஆரம்பித்திருந்தது. மீன்களின் துடுப்பு தளர்வதை நாங்கள் பார்த்தோம்.

பிறந்ததிலிருந்து எந்த மீனுக்காகவும் கத்தியைக் கீழே வைக்காத ஆக்னஸம்மாள், அரிவாள்மனையைச் சாய்த்துவைத்தாள். கையைக் கழுவினாள். "வாங்க," என்றாள் மீன்களிடம்.

மீன்கள் அசையவில்லை.

"அதான் வாங்கன்னு சொல்றனே. கண்ணத் தொறந்து வெச்சுக்கினு என்னையே பார்த்தா இன்னா அர்த்தம்?"

அப்போது அவளுக்கே தெரிந்துவிட்டது, கடற்கரையில் பிறந்தவளாயிற்றே. தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது வாலோரத்துப் பொய்க்கண். கறுப்புப் பட்டைக்குள் இருக்கிற நிஜக் கண் சந்து முனையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆக்னஸம்மாள் மெதுவாகத் தலையைத் தூக்கி, மீன்கள் பார்த்த இடத்தைப் பார்த்தாள். அங்கே அவள் மகள், கொஞ்சம் பூசிய முகத்தோடு, நனைந்த சேலையோடு, பக்கத்தில் ஒரு வாளியோடு நின்றிருந்தாள்.

"ஏ ஃபெலிசி," என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, கடற்கரையில் ஏலம் கேட்கிற குரலில், சந்து முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள். "ஏ ஃபெலிசிட்டா! வாடி! அங்க இன்னா நின்னுக்கினு கீற? வூட்டுக்கு வாடி!" பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தணிகாசலத்தின் முகத்தைப் பார்க்காமல், ஸ்கூட்டரின் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னாள். "வாங்க மாப்ள."

எச் பிளாக்கும் காசிமேடும் சேர்ந்து போட்ட கூச்சலில் பூனைகள் அத்தனையும் மடியைவிட்டுத் துள்ளி ஓடின, மீன் இருக்கிற திசைக்கு அல்ல. துரைக்கண்ணு விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். கோமளவல்லி பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஃபெலிசிட்டா ஓடினாள். அவள் தாண்டிய அதே நொடியில் மீன்களும் நிலைப்படியைத் தாண்டின.

உள்ளே தரை கழுவி ஈரம் காயாமல் இருந்தது. நாலு இலை போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தது. அடுப்போரத்துப் பாத்திரத்தில், ஆறி ஆடை படியும் அளவுக்கு முன்கூட்டியே காய்ச்சிய ஜவ்வரிசிப் பாயசம் இருந்தது. அம்மாவின் ரவிக்கை முதுகோடு ஒட்டி நனைந்திருப்பதையும், உத்தரத்தில் ஃபேன் நின்றுகொண்டிருப்பதையும் ஃபெலிசிட்டா பார்த்தாள்.

"ஏம்மா இந்த வெயில்ல ஃபேன் போடாம கீற?"

"கரண்ட் இல்லடி," என்றாள் ஆக்னஸம்மாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

தணிகாசலம் தொழில்பழக்கத்தில் சுவிட்ச் போர்டைப் பார்த்தான். அதில் சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. ஃபெலிசிட்டாவும் பார்த்தாள்.

"ஆமாம்மா, கரண்ட் இல்ல," என்று சொல்லிவிட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.